உயிரோடிருந்தவனுக்கு ஓர் ஒப்பாரி

அம்மாக்கண்ணு அக்கா அழுதால் மலை முழுக்கக் கேட்கும் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சொல்வார்கள். அது கொஞ்சம் மிகைதான். தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கு லயத்தில் அழுதால் கீழ்க்கணக்கு லயம் வரைக்கும் கேட்கும். அதற்கு அப்பால் ஆற்றுச் சத்தம் விடாது. ஆனால் கேட்டவர்கள் கையிலிருப்பதை அப்படியே போட்டுவிட்டு வருவார்கள், அதில் மிகை இல்லை.

பூண்டுலோயா பஜாரிலிருந்து மேலே ஏறினால் எங்கள் தோட்டம். அங்கே பிறந்து அங்கேயே பள்ளிக்கூடத்தில் டீச்சராகவும் ஆனவள் நான். லயம் என்றால் ஒட்டிக் கட்டிய காம்பரா அறைகளின் வரிசை; எங்கள் காம்பராவும் அக்காவின் காம்பராவும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தன. அதனால் அவர் இருமினால்கூட எனக்குத் தெரியும். அவரைப் பற்றி மற்றவர்கள் எழுதியதையும் காட்டியதையும் பார்த்து வயிறு எரிந்துதான் இதை எழுதுகிறேன்.

அக்கா ஒப்பாரி பாடத் தொடங்கியது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு மழைக்காலத்தில். அவருடைய புருஷன் செல்லசாமி மலையில் கான் என்கிற வடிகால் வெட்டப் போன இடத்தில் மண் சரிந்து செத்துப்போனார். மகன் கிஷாந்துக்கு அப்போது ஐந்து வயது. அதற்கு முன்னால் அக்கா கோயில் திருவிழாவில்கூட வாய் திறந்தவர் இல்லை. உடலைக் கொண்டுவந்து கிடத்தியதும் கொண்டையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு பாடத் தொடங்கினார். வெட்டிய கானில் தண்ணீர் ஓடுகிறது, வெட்டிய கை எங்கே என்று கேட்டுப் பாடினார். துரை பங்களாவிலிருந்து பார்க்க வந்த பெரிய கிளாக்கர்கூடக் குடையை மடக்கிவிட்டு மழையில் நின்றாராம்.

அதிலிருந்து எந்தச் சாவு வீட்டிலும் அவர்தான் முன்னால் உட்கார்ந்தார். அழைக்க வேண்டியதில்லை, தப்புமேளச் சத்தம் கேட்டால் வந்துவிடுவார். செத்தவரின் குணம், செய்த வேலை, தீராத ஆசை எல்லாம் அந்தப் பாட்டில் வந்துவிடும். பாடையைத் தூக்கியதும் நிறுத்திவிடுவார். நிறுத்திக் கொண்டையை முடிந்து, முகத்தைக் கழுவிவிட்டு, அந்த வீட்டுப் பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று பார்க்கப் போவார். அவ்வளவு நேரம் அழுதவரா இவர் என்று பார்க்கிறவர்களுக்குத் திகைப்பாக இருக்கும்.

சாவு வீட்டுக்கு வெளியே அவர் வாயிலிருந்து ஒரு வரி வராது. ஒருமுறை நுவரெலியாவிலிருந்து கலாசார உத்தியோகத்தர் இராசரத்தினம் என்பவர் டேப் ரெக்கோடரோடு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுஷர். மலையகத்து ஒப்பாரிகளைச் சேர்க்கிறேன், கொஞ்சம் பாடிக் காட்டுங்கள் என்று கேட்டார். அக்கா அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். பாடவில்லை. பாட வேண்டாம், சொல்லையாவது சொல்லுங்கள் என்றார் அவர்.

"உசுரோட இருக்கிறவங்க வீட்டுல அத வாயில எடுக்கக் கூடாதுங்கய்யா. எடுத்தா யாரையாச்சும் தேடும்" என்றார் அக்கா.

இராசரத்தினம் வற்புறுத்தவில்லை. அடுத்த சாவுக்கு வந்து ஒரு ஓரமாக நின்று கேட்டுக்கொள்ளலாமா என்றார். அதற்கு நாங்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம், யாருடைய சாவு என்று அவரிடமே கேட்டோம். டேப்பை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார். பின்னால் வந்தவர்களோடு ஒப்பிடும்போது அவரைக் கும்பிடலாம் போல இருக்கிறது.

கிஷாந்த் ஓ.எல். பரீட்சை வரைக்கும் படித்தான். பிறகு எங்கள் பையன்கள் போகிற வழியில் அவனும் கொழும்புக்குப் போனான், ஒரு பலசரக்குக் கடையில் வேலை. வாரத்துக்கு ஒருமுறை பஜார் கொமினிகேசன் கடைக்குப் போன் எடுப்பான், அக்கா இறங்கிப் போய் நின்று பேசிவிட்டு வருவார். இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு நடுப்பகுதியில் அந்தப் போன் நின்றுபோனது. யுத்தக் காலம் அது. கடை முதலாளி, பொலிசும் ஆமியும் ஒரு சுற்றிவளைப்பில் தமிழ்ப் பையன்களை ஏற்றிக்கொண்டு போனார்கள், இவனும் அதில் போயிருக்கலாம் என்றார். இருக்கலாம் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அக்கா கொழும்பில் ஏறாத படி இல்லை. தொழிற்சங்கத்து ஆள் ஒருவரும் கூடப் போனார். எங்கே கேட்டாலும் இங்கே அப்படி ஒரு ஆள் இல்லை என்றார்கள்.

அப்போதுதான் கணேசமூர்த்தி வந்தான். எங்கள் மேல்கணக்குப் பழைய கங்காணி ஆண்டியப்பனின் மகன். அக்காவை அத்தை என்றுதான் கூப்பிடுவான். அட்டனில் அறை எடுத்துத் தங்கி, கொழும்பிலிருந்து நடந்த 'முகட்டொலி' என்ற இணையச் செய்தித் தளத்துக்கு நிருபராக இருந்தான். தோட்டத்தில் பிறந்த ஒருவனின் பெயர் செய்திக்குக் கீழே வருவது எங்களுக்குப் பெருமைதான். மூர்த்தி கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் இதை எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பேஸ்புக் என்பது அப்போதுதான் பஜார் வரைக்கும் வந்திருந்தது. மூர்த்தி அதில் 'கிஷாந்தைக் கண்டுபிடிப்போம்' என்று ஒரு குழு தொடங்கி அவனுடைய படத்தைப் போட்டான். கனடா, லண்டன், டோகா என்று எங்கெங்கோ இருந்த நம்முடைய சனங்கள் சேர்ந்தார்கள். முகட்டொலியின் செய்தி ஆசிரியர் அதைப் பார்த்திருக்கிறார். தளம் நடத்துகிறவர்களுக்கு ஆள் சேருவதுதானே பிழைப்பு. படம் மட்டும் போதாது, தாய் அழுவது வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். மூர்த்தி வீடியோ கமராவோடு அக்காவிடம் வந்தான்.

அக்கா பேச ஒத்துக்கொண்டார். மகன் எப்போது போனான், என்ன சட்டை போட்டிருந்தான் எல்லாம் சொன்னார். மூர்த்திக்கு அது போதவில்லை. ஒப்பாரி பாடச் சொன்னான். அக்கா எழுந்து உள்ளே போய்விட்டார். அவன் வாசலிலேயே நின்றான்.

"சும்மா பேசுனா யாரும் நின்னு பாக்க மாட்டாங்க அத்தை. நீங்க பாடுனா உலகம் பூரா பாக்கும். பாக்கிறவங்கள்ல ஒருத்தராச்சும் கிஷாந்தப் பாத்திருக்க மாட்டாங்களா?"

இதற்கு எந்தத் தாய் என்ன பதில் சொல்லுவாள்? பிள்ளை கிடைத்த அன்றைக்கே அந்த வீடியோவை எடுத்துவிட வேண்டும் என்று மட்டும் அக்கா கேட்டார். அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். அக்கா வெளியே வந்து வாசல் படியில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தார்.

நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அந்தக் குரல் கேட்டதும் யாருக்கோ முடிந்துவிட்டது என்று பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடினேன். மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். தப்படிக்கிற சின்னத்தம்பி தப்பைக் காய்ச்சுவதற்கு ஓலையும் தீப்பெட்டியுமாக வந்து நின்றார். வாசலில் பிணம் இல்லை. கமராதான் இருந்தது. உயிரோடு இருக்கிறானா இல்லையா என்றே தெரியாத பிள்ளைக்கு அக்கா ஒப்பாரி பாடிக்கொண்டிருந்தார். சின்னத்தம்பி தப்பைத் துணியில் சுற்றிக்கொண்டு திரும்பிப் போனார். எனக்கும் எதையும் நிறுத்தத் தோன்றவில்லை. அந்த நிலைமையில் யார் போய் நிறுத்துவது?

மூர்த்தி சொன்னது நடந்தது, உலகம் பார்த்தது. குழுவில் சேர்ந்தவர்கள் பெருகிக்கொண்டே போனார்கள். ஆனால் கிஷாந்தைப் பார்த்தவர் ஒருவரும் அதில் இல்லை.

அடுத்த வருஷம் தொடக்கத்தில் ஒரு மத்தியானம் அவனே ஏறி வந்தான். ஒரு தடுப்பு முகாமில் வைத்திருந்து, ஒரு காரணமும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். பிடித்ததற்கும் காரணம் சொல்லவில்லை என்றான். பாதி ஆளாக இருந்தான். அக்கா அவனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சோறு போட்டார். அவன் சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும் அக்கா என்னிடம், மூர்த்திக்குப் போன் எடுங்க டீச்சர், அந்த வீடியோவை எடுத்துவிடச் சொல்லுங்க என்றார்.

மூர்த்தி அன்றைக்கே ஓடி வந்தான், உண்மையாகவே சந்தோஷப்பட்டான். பிள்ளை வந்துவிட்டான் என்று செய்தி எழுதிக் கொழும்புக்கு அனுப்பினான். அந்தச் செய்தி வரவே இல்லை. அதற்குப் பதிலாக ஒரு காலையில் 'கிஷாந்தைக் கண்டுபிடிப்போம்' என்ற குழுவின் பெயர் 'முகட்டொலி செய்திகள்' என்று மாறியிருந்தது. குழுவைத் தொடங்கியவன் மூர்த்தி என்றாலும், பெயர் மாற்றுகிற அதிகாரத்தை ஆசிரியரும் கேட்டு வாங்கி வைத்திருந்தார். ஒரு பிள்ளையைத் தேடச் சேர்ந்த அத்தனை சனமும் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு செய்தித் தளத்தின் வாசகர்கள் ஆகிவிட்டார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. ஒப்பாரி மட்டும் முதலிடத்தில் அப்படியே இருந்தது. 'தொலைந்த மகனுக்காக ஒரு மலையகத் தாய்' என்று தலைப்பு.

கிஷாந்த் பஜார் கொமினிகேசன் கடைக் கம்ப்யூட்டரில் அதற்குக் கீழே தன் பெயரிலேயே எழுதினான், நான் உயிரோடு வீட்டில்தான் இருக்கிறேன் என்று. அதை நீக்கிவிட்டார்கள். மறுபடியும் எழுதினான். மறுபடியும் நீக்கினார்கள். அதற்கு மேலும் கீழும் ஆத்மா சாந்தியடையட்டும் என்று எழுதியவை மட்டும் பத்திரமாக இருந்தன.

நான் ஆசிரியருக்குப் போன் எடுத்தேன். மரியாதையாகத்தான் பேசினார். அந்த அம்மா உண்மையாகத்தானே அழுதார், நாங்கள் எதையும் பொய்யாகச் செய்து போடவில்லையே என்றார். மகன் வந்ததைப் போடவில்லையே என்றேன்.

"போடலாம் டீச்சர். போட்டா அதோட கதை முடிஞ்சிரும். பிறகு ஆக்கள் எதுக்கு எங்ககிட்ட நிக்கிறாங்க?"

இதை ஒளிக்காமல் சொன்னாரே என்று எனக்குக் கோபத்திலும் ஆச்சரியம் வந்தது. நல்ல செய்திகளைச் சனங்களுக்குக் கொண்டுபோவதற்கு முதலில் சனம் வேண்டும், அந்த அம்மா மலையகத்துக்குச் செய்கிற உதவியாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று வேறு சொன்னார். நான் போனை வைத்துவிட்டேன். வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

மூர்த்தியிடம் கேட்டோம். அது கொழும்புக்காரர்கள் கையில் இருக்கிறது, தன்னால் முடியாது என்றான். அதைச் சொல்லும்போது அவன் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. அக்கா அவனைத் திட்டவில்லை.

அன்றிலிருந்து அக்கா பாடுவதை நிறுத்திவிட்டார். யாருக்கும் காரணம் சொல்லவில்லை. சாவு வீட்டுக்குப் போவார், உட்காருவார், கொண்டை அவிழாது. கீழ்க்கணக்கில் அவருடைய கூடப்பிறந்த அக்கா லெட்சுமி செத்தபோதும் அப்படித்தான். சொந்த அக்காளுக்கு அழாத கல்லு என்று எங்கள் லயத்து வீரம்மா எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். மூக்கைச் சிந்திப் போடுவதற்குக்கூட அக்கா எழுந்து வெளியே போனதை நான் பார்த்தேன். குரல் வந்துவிடக் கூடாது என்று வாயில் முந்தானையை வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார்.

கிஷாந்துக்கு அது பிடிக்கவில்லை. பாட்டால் யாரும் சாக மாட்டார்கள் என்று சத்தம் போடுவான். ஆனால் அவனையும் அந்த வீடியோ விடவில்லை. அட்டனில் ஒரு கடையில் வேலைக்குப் போனான், அங்கே வந்த ஒருவர் இவனைப் பார்த்துத் திகைத்து, நீ செத்துப்போன பொடியன் இல்லையா என்று கேட்டாராம். அவன் கொஞ்சம் காய்ச்சல் என்று படுத்தாலும் அக்கா ராத்திரி முழுக்க அவன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒப்பாரி உயிரோடிருக்கிறவரைத் தேடும் என்ற நம்பிக்கை எல்லாம் எனக்கு இல்லை. ஆனால் ஒரு தாய் தன் பிள்ளைக்காகப் பயந்து பயந்து தேய்வதை ஒருவர் லாபமாக்கி வைத்திருக்கிறார் என்பதைப் புரிந்துகொள்ள நம்பிக்கை தேவையில்லை.

அந்த வருஷக் கடைசியில் ஆண்டியப்பன் கங்காணி இறந்தார். நல்ல வயசு, கஷ்டப்படாத சாவு. மேல்கணக்கு முழுக்கக் கூடியது. மூர்த்தி அட்டனிலிருந்து வந்து தலைமாட்டில் நின்றான். அம்மாக்கண்ணு அக்கா வருவாரா என்று எல்லாருக்கும் சந்தேகம். வந்தார். எந்தக் கோபம் இருந்தாலும் சாவு வீட்டுக்குப் போகாமல் இருக்க அவருக்குத் தெரியாது. பெண்கள் நகர்ந்து அவருடைய பழைய இடத்தைக் கொடுத்தார்கள். அக்கா ஆண்டியப்பனின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். கொண்டையில் கை போகவில்லை.

சின்னத்தம்பி தப்பை நிறுத்தினார். உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க, நீர்மாலைக்குப் போகிற நேரம் ஆகிவிட்டது. அழுகை இல்லாமல் உடலைக் குளிப்பாட்டுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. மற்றப் பெண்கள் விசும்பினார்கள், யாருக்கும் பாட்டு வரவில்லை. மூர்த்தி அக்காவுக்கு முன்னால் வந்து குந்தினான்.

"அத்தை, எங்கப்பாவுக்கு நீங்க அழ மாட்டீங்களா?"

அக்கா அவனுடைய தலையைத் தடவினார்.

"ஒரு ஒப்பாரி இன்னும் முடியலப்பா. பாடை தூக்குனாத்தான அது நிக்கும்? அதுக்குப் பாடையும் இல்ல, நிப்பாட்டுறதுக்கு ஆளும் இல்ல. அங்க நா அழுதுகிட்டேதான் இருக்கேன். அது முடியாம இன்னொன்னு எப்புடித் தொடங்குவேன்?"

கோபமாகச் சொல்லவில்லை. கேலியும் இல்லை. தன் உடம்புக்கு என்ன என்று டாக்டரிடம் சொல்வது போலச் சொன்னார். அன்றைக்குத்தான் எங்கள் எல்லாருக்கும் காரணம் விளங்கியது. வீரம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

மூர்த்தி எழுந்து வெளியே வந்தான். சாவு வீட்டுக்கு ஆள் ஏற்றி வந்த ஆட்டோ ஒன்று நின்றது, அதில் ஏறினான். கொள்ளிக்குடம் தூக்க வேண்டிய பிள்ளை, பிணம் வீட்டில் கிடக்கும்போது ரோட்டுக்கு இறங்கினால் சும்மா விடுவார்களா? பெரியவர்கள் ஆட்டோவை மறித்தார்கள். நானும் அதில் ஏறிக்கொண்டேன். அவன் எங்கே போகிறான் என்று எனக்கு விளங்கிவிட்டது, ஆனால் அவனை நம்பி அனுப்புகிற அளவுக்கு எனக்கு மனசு இல்லை. டீச்சரும் போகிறாள் என்று வழி விட்டார்கள்.

வளைவுகளில் இறங்கும்போது அவனுடைய போன் அடித்தது. ஆசிரியர்தான். துக்கம் விசாரித்தார். பிறகு, அந்த அம்மா உங்கள் தோட்டம்தானே, அப்பாவுக்கு அவர் பாடுவதை யாரையாவது வைத்து எடுத்து அனுப்பு, நிருபரின் தகப்பனுக்கு அதே தாயின் ஒப்பாரி என்றால் சனம் கட்டாயம் நின்று பார்க்கும் என்றார். ஆட்டோ சத்தத்துக்காக மூர்த்தி ஒலியைக் கூட்டி வைத்திருந்ததால் எனக்கும் கேட்டது. அவன் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். தகப்பன் செத்ததற்கு அழாதவன் அங்கேதான் அழுதான்.

கொமினிகேசன் கடையில் அவன் உட்கார்ந்து தன் பெயரைப் போட்டுப் பேஸ்புக்கைத் திறந்தான். ஒப்பாரிக்குக் கீழே நீக்கு என்று இருந்ததை அமுக்கினான். அது போய்விட்டது. அவ்வளவுதான். தேத்தண்ணி ஆறுகிற நேரம்கூட எடுக்கவில்லை.

"இத்தன நாளும் ஒன்னால முடிஞ்சுதான் இருந்திருக்கு" என்றேன்.

"ஆமா டீச்சர்" என்றான். எடுத்தால் வேலை போய்விடும் என்று பயந்தானாம். மலைக்கு ஒரு நிருபர் இருப்பது எல்லாருக்கும் நல்லதுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டானாம். சாவு வீட்டுப் பிள்ளையை அதற்கு மேல் என்ன கேட்பது?

திரும்பி வந்து அக்காவுக்கு முன்னால் நின்று, எடுத்துவிட்டேன் அத்தை என்றான். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அக்காவின் இரண்டு கையும் கொண்டைக்குப் போயின.

"பெரட்டுக் களத்துல நின்னு பேரு கூப்பிட்ட மவராசா, ஒங்க பேரக் கூப்பிட்டது யாரு, ஓரமாப் போகச் சொன்னது யாரு" என்று தொடங்கினார். ஆண்டியப்பன் கங்காணி, காலையில் ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் நின்று எங்கள் எல்லாருடைய பெயரையும் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பியவர். ஒரு வருஷத்துக்குக் கிட்ட அடக்கி வைத்த குரல் அது. அதில் ஆண்டியப்பன் மட்டும் இல்லை, லெட்சுமியும் வந்தார், நடுவில் அவர் அழாமல் விட்ட எல்லாரும் பெயர் பெயராக வந்தார்கள். வீரம்மா அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பாடையைத் தூக்கினார்கள். அக்கா நிறுத்தினார்.

மூர்த்தியின் வேலை அந்த வாரமே போனது. கருமாதிக்கு முன்னால் ஒரு நாள் அவன் என்னைத் தேடி வந்தான், முகம் செத்திருந்தது. ஆசிரியரிடம் வீடியோவின் பிரதி இருந்திருக்கிறது. மறுபடியும் போட்டுவிட்டார்கள், இந்த முறை மூர்த்திக்கு அதில் எந்த அதிகாரமும் இல்லை. அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்றேன் நான். அவனோ, ஒருமுறை பொய் சொன்னது போதும் என்று நேரே அவர் வாசலுக்குப் போனான். நானும் பின்னாலேயே போனேன்.

அக்கா வாசல் படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே கிஷாந்த் தூங்கிக்கொண்டிருந்தான். மூர்த்தி சொல்லி முடிக்கும்வரை கேட்டார். சுளகைக் கீழே வைத்தார். அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நான் கிட்டப் போனேன்.

"நா பாடுனத நா முடிச்சிட்டேன்பா. அன்னிக்கு ஒங்கப்பா பாடை தூக்கயில அதுவும் சேந்து போயிருச்சு" என்றார். "இனி அது அங்க கேட்டுச்சுன்னா, அது எங்க வீட்டு ஒப்பாரி இல்ல. வச்சிருக்கிறவங்க வீட்டு ஒப்பாரி."

அப்புறம் சுளகை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கருமாதிக்குக் காய்கறி வாங்கிவிட்டாயா என்று அவனிடம் கேட்டார்.